செவ்வாய்க்கிழமைக்கு ஒரு வண்டி

1980-களின் சென்னையில் பைக் வாங்கப் போகிறவனிடம் "எந்த மாதிரி வண்டி?" என்று யாரும் கேட்டதில்லை. வண்டி என்றால் வண்டி, அவ்வளவுதான். வாரநாட்களில் அது கிண்டி தொழிற்பேட்டைக்குப் போகும். சாயங்காலம் மண்ணெண்ணெய் கேன் சுமக்கும். ஞாயிற்றுக்கிழமை மனைவியும் குழந்தையும் ஏறிக்கொள்ள மெரினாவுக்குப் போகும். பொங்கல் விடுமுறை வந்தால் அதே வண்டி ஊட்டி மலை ஏறும். சோழவரத்தில் பந்தயம் நடந்தால் பார்க்கப் போகிற கூட்டத்தோடு சேர்ந்து, ஜி.என்.டி. சாலையில் கொஞ்சம் வேகமும் காட்டும். ஒரே வேட்டியைக் கல்யாணத்துக்கும் கட்டி களத்துமேட்டுக்கும் கட்டியதுபோல ஒரே வண்டி எல்லாவற்றுக்கும் ஓடியது. அதை டூரர் என்றோ ஸ்போர்ட் என்றோ கம்யூட்டர் என்றோ பிரித்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இன்று என் அண்ணன் மகள் வண்டி வாங்க வேண்டும் என்கிறாள். நேக்கட், அட்வெஞ்சர், ஸ்க்ராம்ப்ளர், க்ரூஸர், கஃபே ரேசர் என்று வகை வகையாக ஷோரூம்கள் நிறைந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து அவள் என்னிடம் கேட்டது இதைத்தான்: "எல்லாத்துக்கும் ஒத்து வர்ற ஒரே வண்டி எது சித்தப்பா?"

வேறு வழியில்லாத காலத்தில் எங்களுக்குத் தானாக வாய்த்த ஒன்றை, வழிகள் பெருகிய காலத்தில் அவள் தேடி அலைய வேண்டியிருக்கிறது. இந்த முரண்பாடு என் மனதை விட்டுப் போகவில்லை. அவளுக்காக நான் செலவிட்ட நேரமும், பழையதையெல்லாம் தோண்டி எடுத்து யோசித்ததும் இதனால்தான்.

அவளுடைய தேவை எளிதானதல்ல. வீடு பெரம்பூரில், வேலை சோழிங்கநல்லூரில். தினமும் போகவேண்டிய பழைய மகாபலிபுரம் சாலை, மெட்ரோ வேலைக்குத் தடுப்பு போட்டுப் பல இடங்களில் குறுகிக் கிடக்கிறது. லீவு கிடைத்தால் ஏலகிரி, கொல்லிமலை, வால்பாறை என்று கிளம்பிவிடுவாள். போதாதற்கு, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பொதுமக்களை ஓட்டவிடும் நாட்களில் போய்ப் பழக வேண்டும் என்ற ஆசையும் வந்திருக்கிறது. ஊர் நெரிசல், நெடும்பயணம், வளைவில் சாய்த்து ஓட்டும் வேகம். மூன்றும் வேண்டும், வண்டி ஒன்றுதான். பணமும் இடமும் அதற்கு மேல் அனுமதிக்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளுக்கென்று இருப்பது இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு சந்து.

இந்த மூன்று வேலையையும் அந்தக் காலத்து வண்டிகள் எப்படிச் செய்தன என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் இருந்தது யமஹா ஆர்எக்ஸ் 100. தொழிற்பேட்டையில் என்னோடு வேலை பார்த்த ஒருவரிடம் எஸ்டி ரோட்கிங், இன்னொருவரிடம் புல்லட் 350. மூவரும் சேர்ந்து சென்னையிலிருந்து ஊட்டிக்குப் போனோம். அந்த ஒரு பயணம், மூன்று வண்டிகளையும் ஒரே சாலையில் வைத்து எடைபோட்டுக் காட்டியது.

ஆர்எக்ஸ் 100-ஐப் பற்றி இன்று பேசுகிறவர்கள் அதன் சத்தத்தைத்தான் பேசுகிறார்கள். நான் அதன் எடையைப் பேசுவேன். 98 சிசி இன்ஜின், 11 குதிரைத்திறன், எடை சுமார் 100 கிலோ. எண்களைப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் எடை குறைவு என்பதால் அந்த 11 குதிரையே வண்டியைச் சட்டென்று இழுத்துவிடும். மவுண்ட் ரோட்டில் சிக்னல் விழுந்ததும் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் இடையில் இருக்கிற இடுக்கில் அது நுழைந்து வெளியேறிவிடும். நிறுத்தும் இடத்தில் பின்சக்கரத்தை ஒரு கையால் தூக்கித் திருப்பி வைக்கலாம். நகரத்துக்கு அதைவிடத் தோதான வண்டியை நான் ஓட்டியதில்லை.

வாலாஜாவைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் கதை மாறியது. அப்போது அது இரட்டை வழிச் சாலைதான், நடுவில் தடுப்புக் கிடையாது, இருபக்கமும் புளியமரம். எதிரே பஸ் வேகமாகக் கடக்கும்போது அடிக்கிற காற்று, எடை குறைந்த வண்டியை ஓரத்துக்குத் தள்ளும். நான்கே கியர். வேகமாகப் போக நினைத்தால் இன்ஜின் கதறும், கைப்பிடியில் அதிர்வு ஏறும், ஆம்பூர் வருவதற்குள் விரல் நுனி மரத்துவிடும். புல்லட்காரர் அப்போதுதான் சுகமாக உட்கார்ந்திருந்தார். 346 சிசி, 18 குதிரைத்திறன், மெதுவாகச் சுழலும் கனமான ஃபிளைவீல். அறுபது, எழுபதில் வைத்துவிட்டால் மேடு பள்ளம் எதையும் கண்டுகொள்ளாமல் நாள் முழுக்க ஓடும். தொப்பூர் கணவாயில்கூட அவர் கியரை மாற்றியதாக எனக்கு நினைவில்லை.

அதே புல்லட் ஊருக்குள் வந்தால் வேறு வண்டியாகிவிடும். கிக்கரை உதைப்பதற்கு முன் ஆம்பியர் முள்ளைப் பார்க்க வேண்டும். டீகம்ப்ரஷன் லீவரை இழுத்துப் பிடித்து பிஸ்டனை மேல்நிலைக்குக் கொஞ்சம் தாண்டிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பிறகு மொத்த உடம்பையும் போட்டு உதைக்க வேண்டும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டிகளில் பழகிய கால் அவசரத்தில் பிரேக்கைத் தேடிக் கியரை மிதிக்கும். சென்னையில்தான், திருவொற்றியூரில், அந்த வண்டி தயாரானது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை அது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் ஏற்ற வண்டி என்று பெயரெடுத்தது. பாரிமுனையின் சந்துகளை நினைத்து வடிவமைத்த வண்டி இல்லை.

மைசூரில் ஐடியல் ஜாவா தயாரித்த எஸ்டி இரண்டுக்கும் நடுவில் நின்றது. 250 சிசி டூ ஸ்ட்ரோக், இரண்டு சைலன்சர், நீளமான சீட். கிக்கரையே மடக்கித் திருப்பினால் கியர் லீவராகிவிடும் என்பது அதன் தனித்தன்மை. ஏற்றத்தில் நன்றாக இழுத்தது, பின்னால் ஒருவர் உட்கார்ந்தாலும் சுணங்கவில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு வரை அதுதான் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

இறங்கும்போது நிலைமை தலைகீழ். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு உயவு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகும். ஆக்சிலரேட்டரை முழுக்க மூடிவிட்டுக் கீழ் கியரில் நீண்ட இறக்கம் இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுழலும்; எண்ணெய் மட்டும் போகாது. கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். சீஸ் ஆயிடும் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். அதனால் எஸ்டிக்காரர் நொடிக்கொரு தடவை ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திருகிவிட்டுக்கொண்டே இறங்கினார். ஆர்எக்ஸில் எண்ணெய் தனிப் பம்ப் வழியாகப் போகும் என்றாலும், அந்தப் பம்பும் ஆக்சிலரேட்டரோடு கட்டப்பட்டதுதான். நானும் அதையே செய்தேன். இன்ஜின் பிடித்து நிறுத்தும் விசையும் டூ ஸ்ட்ரோக்கில் குறைவு. ஆக, பாரம் முழுக்க பிரேக்கின் மேல். புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக். இரண்டாவது கியரில் விட்டுவிட்டு, பிரேக்கை அதிகம் தொடாமலே அவர் குன்னூர் வளைவுகளில் இறங்கி, கீழே டீக்கடையில் எங்களுக்காகக் காத்திருந்தார்.

மூன்றும் நல்ல வண்டிகள்தான். ஒவ்வொன்றும் ஒரு வேலையை அருமையாகச் செய்தது, மற்ற இரண்டையும் ஏதோ செய்து முடித்தது. மீதி இடைவெளியை நிரப்பியது ஓட்டியவனின் உடம்பு. முதுகும் மணிக்கட்டும் வலது காலின் முட்டியும் சேர்ந்துதான் அந்த வண்டிகளை எல்லா வேலைக்கும் ஏற்றதாக்கின. அந்தக் காலத்து வண்டி எதையும் செய்யும் என்று நண்பர்கள் பெருமையாகச் சொல்லும்போது நான் மறுத்துப் பேசுவது இதனால்தான். எதையும் செய்தது இருபத்தைந்து வயது உடம்பு. அந்தக் கணக்கில் வராமல் போனவர்கள் பலர். வண்டி கனம், உதைத்துக் கிளப்ப முடியாது என்ற ஒரே காரணத்துக்காக எத்தனை பெண்கள் பைக்கைத் தொடாமலே இருந்தார்கள்! என் அண்ணன் மகள் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் புல்லட்டின் பின்சீட்டில்தான் ஊட்டி போயிருப்பாள். பட்டன் ஸ்டார்ட் வந்ததை நான் சின்ன வசதியாக நினைப்பதில்லை.

அடுத்த மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 1996-ல் ஆர்எக்ஸ் 100 நின்றது. அதே ஆண்டில் மைசூர் ஆலையும் மூடியது. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக டூ ஸ்ட்ரோக் பைக்குகள் சாலையை விட்டுப் போயின. ஹீரோ ஹோண்டா சிபிஇசட் 1999-ல் வந்தது, பஜாஜ் பல்சர் 2001-ல் வந்தது, கரிஸ்மா 2003-ல் வந்தது. மைலேஜைத் தாண்டி வேறு ஒன்றுக்காகவும் வண்டி வாங்கலாம் என்று நடுத்தரக் குடும்பத்துப் பையன்கள் வீட்டில் பேசத் தொடங்கியது அப்போதுதான். கேடிஎம் டியூக் 200 வந்தது 2012-ல், 390 வந்தது அடுத்த ஆண்டில். ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 2016-ல். அங்கிருந்து பிரிவுகள் பெருகின. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வண்டி என்று ஆகிப்போனது.

ஜெர்மனியில் இதற்கு முன்பே ஒரு வேறு பதில் கிடைத்திருந்தது. 1980-ல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்த ஆர் 80 ஜி/எஸ், மண்பாதைக்கும் தார்ச்சாலைக்கும் ஒரே வண்டி என்று சொல்லிக்கொண்டு வந்தது. 800 சிசிக்குக் கொஞ்சம் குறைவு, 50 குதிரைத்திறன். பெரிய இன்ஜின் வைத்த வண்டி மண்ணில் ஓடாது என்று நினைத்திருந்த காலத்தில், 1981-ல் ஹூபர்ட் ஓரியோல் அந்த வம்சத்து வண்டியில் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை வென்றார். நிமிர்ந்து உட்காரும் அமைப்பு, அகலமான ஹேண்டில்பார், நீளமாக இறங்கி ஏறும் ஷாக் அப்சார்பர் என்று இன்று அட்வெஞ்சர் வண்டிகளில் பார்ப்பதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். அதே குடும்பத்தின் சின்ன வாரிசான ஜி 310 ஜிஎஸ், நம் ஓசூரில் டிவிஎஸ் ஆலையில் தயாராகி 2018-ல் விற்பனைக்கு வந்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

அண்ணன் மகள் தன் பட்டியலை மூன்றாகச் சுருக்கிக்கொண்டு வந்தாள். ஹிமாலயன் 450, சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ், டிரையம்ப் ஸ்பீட் 400. மனசு முழுக்க ஹிமாலயனில் இருந்தது.

"ஏம்மா அது?" என்று கேட்டேன்.

"லடாக் போகணும் சித்தப்பா. கர்துங்லா ஏறணும்."

"எப்ப?"

"எப்பவாவது."

"செவ்வாய்க்கிழமை எங்க போவ?"

"ஆபீசுக்கு."

நான் அவளிடம் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். என்றைக்கோ ஒருநாள் போகப்போகும் லடாக்குக்காக வண்டி வாங்கினால், அந்த வண்டியின் கனத்தை வாரத்துக்கு ஐந்து நாள் பெரம்பூரிலிருந்து சோழிங்கநல்லூர் வரை தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குச் சரியான வண்டியை எடுத்துக்கொண்டு, அதை லடாக் வரைக்கும் நீட்ட முடியுமா என்று பார்ப்பதே முறை. லேயிலேயே ஹிமாலயன் வாடகைக்குக் கிடைக்கிறது. விமானத்தில் போய் இறங்கி, இரண்டு நாள் மூச்சுக்குப் பழகி, அங்கேயே எடுத்து ஓட்டிவிட்டு வரலாம். தினமும் ஓட்டும் வண்டியை அப்படி வாடகைக்கு எடுக்க முடியாது.

ஹிமாலயன் மோசம் என்று நான் சொல்லவில்லை. 452 சிசி, 40 குதிரைத்திறன். 5500 சுழற்சியிலேயே 40 நியூட்டன் மீட்டர் இழுவிசை. 17 லிட்டர் டேங்க். முன்சக்கரம் 21 அங்குலம், குழியும் கல்லும் அதற்கு ஒரு பொருட்டில்லை. வாரம் தவறாமல் ஜவ்வாது மலையின் மண்பாதைகளில் திரிகிற ஒருவர் என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்வேன். ஆனால் எடை 196 கிலோ. சீட் உயரத்தைக் குறைத்து வைத்தாலும் 825 மில்லிமீட்டர். அவள் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம்.

உயரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பாதமும் முழுக்கத் தரையில் ஊன்ற வேண்டும் என்று ஷோரூமில் பயமுறுத்துவார்கள். தேவையில்லை, ஒரு பாதம் நன்றாக ஊன்றினால் போதும். ஆனால் அந்த ஒரு காலால் வண்டியின் எடையைத் தாங்கி, சரிந்த சாலையோரத்தில், மழையில், பின்னால் ஒருவரை வைத்துக்கொண்டு நிற்க முடியுமா என்பதே கேள்வி. சீட் உயரமும் எடையும் சேர்ந்துதான் ஒரு வண்டியை அடக்கமாகவோ அடங்காததாகவோ ஆக்குகின்றன. ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும்.

அதனால் அவளை டெஸ்ட் ரைடுக்கு முன்னால் வண்டியைத் தள்ளச் சொன்னேன். ஷோரூம் பையன் வியப்பாகப் பார்த்தான். இன்ஜினைக் கிளப்பாமல், ஸ்டாண்டை எடுத்துவிட்டு, பத்தடி முன்னால் தள்ளு. ஹேண்டிலை முழுக்கத் திருப்பிப் பின்னால் இழு. இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வந்து, அந்த இரண்டு தூண்களுக்கு நடுவே அவள் தினமும் செய்யப்போவது இதைத்தான். எந்த விளம்பரமும் இந்தக் காட்சியைக் காட்டுவதில்லை. ஆனால் வண்டியை ஓட்ட ஆசைப்படும் மனசு தேய்வது இங்கேதான். எடுத்து வெளியே வைக்கவே அலுப்பாக இருக்கும் வண்டியை ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நாலு மணிக்கு எழுந்து யாரும் எடுக்கமாட்டார்கள்.

ஓட்டிப் பார்க்கும்போதும் அவளை வேகம் போக விடவில்லை. நெரிசலான சாலையாகப் பார்த்து, இரண்டாவது கியரில் நடை வேகத்தில் போகச் சொன்னேன். அந்த வேகத்தில் இன்ஜின் குலுங்குகிறதா, கிளட்சை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டியிருக்கிறதா, கை வலிக்கிறதா, ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கியதும் சூடு தொடையில் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மே மாதத்துச் சென்னையில் அந்தச் சூடு என்ன செய்யும் என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். உச்ச குதிரைத்திறனை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். மூவாயிரம் சுழற்சியில் அந்த இன்ஜின் எப்படி நடந்துகொள்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. ஊருக்குள் வாழ்க்கை முழுக்க அங்கேதான் ஓடுகிறது.

வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 249 சிசி, 26.5 குதிரைத்திறன், 167 கிலோ. 19 அங்குல முன்சக்கரம் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகான சென்னைச் சாலைக்கு ஏற்றது. முன்னால் காற்றுத்தடுப்பு, பின்னால் பை கட்ட இடம், நிமிர்ந்த இருக்கை. நூறு கிலோமீட்டர் வேகத்துக்குள் பயணம் செய்கிறவருக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை என்பது என் கட்சி. நான் எனக்காக வாங்கியிருந்தால் இதைத்தான் எடுத்திருப்பேன். அவளுக்கு சீட் 835 மில்லிமீட்டர் என்பது கொஞ்சம் எட்டவில்லை. பந்தயத் தடத்து ஆசைக்கும் இது ஈடுகொடுக்காது.

பந்தயத் தடம் என்று வரும்போது சக்கரத்தின் அளவு பேசத் தொடங்குகிறது. முன்சக்கரம் பெரிதாக இருந்தால் குழியில் நிதானமாக உருளும், ஆனால் ஒரு பக்கச் சாய்விலிருந்து மறுபக்கச் சாய்வுக்கு மாற நேரமெடுக்கும். 17 அங்குலச் சக்கரம் சட்டென்று திரும்பும். நல்ல பிடிமானமுள்ள டயர்கள் பெரும்பாலும் அந்த அளவில்தான் வருகின்றன. ஸ்பீட் 400-க்கு முன்னும் பின்னும் 17. பஜாஜ் சாக்கனில் தயாரிக்கும் வண்டி. 2023-ல் வந்தபோது எடை 176 கிலோ, சீட் 790 மில்லிமீட்டர், 398 சிசி, 40 குதிரைத்திறன். ஹிமாலயனின் அதே பலம், இருபது கிலோ குறைவான உடம்பில். அவள் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கால்களையும் ஊன்றினாள். முகத்தில் வந்த மாற்றத்தைப் பார்த்ததும் முடிவு தெரிந்துவிட்டது.

இருந்தாலும் அதன் குறைகளைச் சொல்லாமல் விடவில்லை. டேங்க் 13 லிட்டர்தான்; காற்றுத்தடுப்பு இல்லாமல் வரும்; கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெடுநேரம் எதிர்காற்றில் போனால் கழுத்து வலிக்கும். மண்பாதை அதற்கு உகந்ததில்லை. இவற்றில் முதல் இரண்டுக்கும் வழி இருக்கிறது. ஒரு சின்ன விண்ட்ஷீல்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பொருத்திக்கொள்ளலாம். பெட்ரோல் பங்க் இல்லாத நெடுஞ்சாலை இன்று தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? பை கட்டலாம், சீட்டில் கூடுதல் நுரை வைத்துத் தைக்கலாம். ஒரு வண்டிக்குக் காற்றுத்தடுப்பைச் சேர்க்கலாம்; இருபது கிலோ எடையை எடுத்துப் போட முடியாது. மூன்று வேலைக்கும் ஒரே வண்டி தேடுகிறவர்கள் சேர்க்கக்கூடியது எது, கழிக்க முடியாதது எது என்று பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

புதுப்பேட்டையில் எனக்குப் பல காலமாகப் பழக்கமான மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடமும் அவளை அழைத்துப் போனேன். "பொண்ணுக்கு வண்டியா? முதல்ல பிரேக்கப் பாருங்க சார், மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். அவர் சொன்னது எனக்கு நெஞ்சில் தைத்தது. அன்றைய டிரம் பிரேக்குகளை நினைத்துப் பார்க்கிறேன். மழையில் தண்ணீர் புகுந்தால் முதல் சில நொடிகள் பிடிக்கவே பிடிக்காது. பிறகு திடீரென்று பிடித்துச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வண்டி வழுக்கிக் கீழே போகும். அப்படிப் போனவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் உண்டு. திரும்பி வராதவர்களும் உண்டு. அப்போது அதை விதி என்றுதான் பேசினார்கள். இன்று 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரல் முதலும் ஏபிஎஸ் கட்டாயம். பயத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டாமல் அது பார்த்துக்கொள்கிறது. பழைய காலத்தின் மீது எனக்குள்ள பாசம் எவ்வளவு பெரிதானாலும் இதற்கு ஈடாக வைக்க அங்கே ஒன்றும் இல்லை. டியூப்லெஸ் டயரும் அப்படித்தான். நடுராத்திரியில் உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் லீவர் போட்டு டயரைக் கழற்றி டியூப் ஒட்டியவனுக்குத் தெரியும் அதன் அருமை.

பழைய வண்டிகளுக்கு இருந்து இன்று குறைந்துபோனதும் ஒன்றுண்டு. அதையும் மறைக்க விரும்பவில்லை. கார்புரேட்டரைக் கழற்றி ஊதிப் போட, பிளக்கைத் துடைத்துப் போட, செயினில் ஒரு கண்ணி குறைக்க ஓட்டுகிறவனுக்கே தெரிந்திருந்தது. வண்டி நின்றால் எந்த ஊர் மெக்கானிக்கும் கைகொடுப்பார். இன்று சென்சார் ஒன்று பழுதானால் கம்பெனி சர்வீஸ் சென்டர் இருக்கும் ஊர் வரை வேனில்தான் ஏற்ற வேண்டும். ஆகவே வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது போகப்போகும் வழியில் சர்வீஸ் சென்டர் எங்கெங்கே இருக்கிறது என்பதையும் பார்க்கச் சொன்னேன். அவள் வரைபடத்தைத் திறந்து திருச்சி, சேலம், கோவை, மதுரை என்று குறித்துக்கொண்டாள். இந்தக் கணக்கில் அவள் பட்டியலில் இருந்த மற்ற இரண்டும் ராயல் என்ஃபீல்டுக்குப் பக்கத்தில் வரமுடியாது. அந்த உண்மையையும் அவளிடம் மறைக்கவில்லை.

கடைசியில் ஸ்பீட் 400-தான் வாங்கினாள். வண்டி வந்த வாரத்தில் பாய் கையால் செயின் தளர்வைச் சரிபார்த்தோம். கிளட்ச் லீவரும் பிரேக் லீவரும் அவள் விரலுக்கு எட்டும்படி கோணம் மாற்றினோம். தனியாகப் போகும்போதும் பின்னால் ஆள் இருக்கும்போதும் பின் ஷாக் அப்சார்பரை எத்தனை படி இறுக்க வேண்டும் என்று அவளே செய்து பழகினாள். இதைப் பெரும்பாலானவர்கள் வண்டியின் ஆயுள் முழுக்கத் தொடுவதே இல்லை. ஒரே வண்டி மூன்று வேலைக்கு மாறுவது இந்த மாதிரிச் சின்னத் திருகல்களில்தான்.

கொல்லிமலைக்குப் போய் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிவிட்டு வந்தாள். முதல் கியரா இரண்டாவதா என்று வழியிலிருந்து போனில் கேட்டாள். இரண்டாவது, இறங்கும்போதும் அதே கியர், இன்ஜினே பிடிக்கட்டும் என்றேன். பயணம் சுகமாக இருந்தது, நாமக்கல் தாண்டி நெடுஞ்சாலையில் காற்று மட்டும் தொந்தரவு என்றாள். விண்ட்ஷீல்டு போட்டாகிவிட்டது.

அடுத்தது இருங்காட்டுக்கோட்டை. 3.7 கிலோமீட்டர் தடம். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்தவர்களுக்கு அந்த வளைவுகளின் நேர்த்தி ஓர் அதிசயம். அங்கே ஓட்டும்போது டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று எங்களுக்குள் இப்போது வாதம் நடக்கிறது. சூடாகிப் பிடிமானம் கூட வேண்டும் என்றால் முன்கூட்டியே குறைத்துவிட வேண்டும் என்கிறாள் அவள். கம்பெனி சொன்ன அளவிலேயே முதல் சில சுற்றுகள் ஓட்டு, உள்ளே வந்ததும் சூட்டோடு அளந்து பார், எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்த பிறகு குறை என்கிறேன் நான். அளப்பதற்கு நல்ல கேஜ் ஒன்று பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.